காசுக்காக நர்சிங் படிக்கலாமா?

+2 முடித்த ஒரு பெண் கேட்ட கேள்வி இது: “எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு நீட் மார்க் வரவில்லை. வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி படிக்கிறான். பி.எஸ்சி. நர்சிங் முடித்தால் வெளிநாட்டில் லட்சக்கணக்கில் சம்பளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் டீச்சரோ, காசுக்காக வருகிறவர்கள் நர்சிங்குக்கு வரவே கூடாது, அது சேவை என்கிறார். எனக்குச் சேவை செய்ய வேண்டும் என்று பெரிய ஆசையெல்லாம் இல்லை. நான் வரலாமா?”

வரலாம். வீட்டுக் கடனை அடைக்க வேண்டும், தம்பியைப் படிக்க வைக்க வேண்டும் என்பது ஒரு வேலைக்கு வருவதற்குப் போதுமான காரணம், நல்ல காரணமும்கூட. ஆனால் காசுக்காக வருவதென்றால் காசுக் கணக்கை முழுதாகப் பார்த்துவிட்டு வாருங்கள். நர்சிங்கில் காசு இருக்கிறது. அது படித்து முடித்த கையோடு வருவதில்லை, எல்லோருக்கும் வருவதுமில்லை. ஒரே பட்டம், போகிற வழியைப் பொறுத்து, மாதம் பதினைந்தாயிரமும் தரும், எண்பதாயிரமும் தரும். நான் ஐ.சி.யு.வில் வேலை பார்த்து, சவுதியில் சில வருஷம் இருந்துவிட்டு, இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கீழே சொல்லும் வழிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் போனவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் உங்கள் டீச்சர் சொன்னதைப் பார்ப்போம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நம் ஊரில் நர்சிங் வளர்ந்ததே மிஷன் ஆஸ்பத்திரிகளில். ஐடா ஸ்கடர் வேலூரில் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கிய காலத்தில், நர்ஸ் என்றால் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பெரும்பாலும் கல்யாணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையில் சம்பளம் பெரிய விஷயமாக இல்லாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கு நர்ஸுக்கு வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது, படிக்க வாங்கிய கடன் இருக்கிறது. அந்த ஏற்பாடெல்லாம் போய்விட்டது, பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. இன்டர்வியூவில் “சம்பளம் எவ்வளவு மேடம்?” என்று கேட்ட பெண்ணை, “வர்றதுக்கு முன்னாடியே காசு பேசுறியா?” என்று மடக்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இன்ஜினியரிடமோ டாக்டரிடமோ அப்படிக் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.

சரி, கணக்குக்கு வருவோம். நடுத்தரமான ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேருகிற பி.எஸ்சி. நர்ஸின் சம்பளச் சீட்டு எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி போட்டுப் பார்க்கலாம். மொத்தச் சம்பளம் 16,000. அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால், பி.எஃப். 12 சதவீதம், 1,440 போகும். ஈ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 120. ஹாஸ்டலுக்கு 2,000, மெஸ்ஸுக்கு 2,500. கைக்கு வருவது 9,940. படிப்புக்கு மூன்று லட்சம் கடன் வாங்கி, 11 சதவீத வட்டியில் ஏழு வருஷத்தில் கட்டுகிறீர்கள் என்றால் மாதத் தவணை ஐயாயிரத்துக்கு மேல். மீதி நாலாயிரத்துச் சொச்சம். தம்பிக்கு அனுப்ப, வீட்டுக்கு அனுப்ப, உங்கள் செலவுக்கு எல்லாம் அதுதான். சென்னையிலும் கோவையிலும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் இதைவிடக் கூடுதலாகத் தருவார்கள். சின்ன ஊர் நர்சிங் ஹோமில் இதிலும் குறையும்.

இந்தச் சம்பளம் எவ்வளவு அநியாயம் என்று தெரிய வேண்டுமானால், அடுத்த முறை சொந்தக்காரர் யாராவது டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லை வாங்கிப் பாருங்கள். பெட் சார்ஜ், டாக்டர் விசிட் இவற்றோடு ‘நர்சிங் சார்ஜ்’ என்று நாள் கணக்கில் ஒரு தொகை இருக்கும். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நோயாளிகள் இருக்கும் வார்டில் அது மாதத்துக்கு ஒன்றரை லட்சம். அந்த வார்டை மூன்று ஷிஃப்டும் வார லீவும் சேர்த்து ஐந்து நர்ஸ்கள் பார்த்துக்கொண்டால்கூட, மேலே சொன்ன சம்பளத்தில் மொத்தச் செலவு 80,000தான். நர்ஸின் பெயரைச் சொல்லி வாங்குகிற காசிலேயே கிட்டத்தட்டப் பாதி நர்ஸிடம் வந்து சேருவதில்லை.

இது தெரியாமல் நடப்பது அல்ல. டிரெயின்டு நர்சஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளத்தைப் பற்றிப் பரிந்துரை செய்ய ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. குழுவும் தெளிவாகவே சொல்லிவிட்டது: 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி, அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். 100 முதல் 200 வரை என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50க்கும் கீழே இருந்தால்கூட 20,000 ரூபாய் தர வேண்டும். செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது. வருஷங்கள் ஓடிவிட்டன, நம் மாநிலத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அந்த 20,000 இன்னும் எட்டாத தொகையாகவே இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகச் சேர்ந்து, 2011இலிருந்து தெருவில் இறங்கிப் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக அரசாணையில் வாங்கினார்கள். அவர்களும் நம்மைப் போல வீட்டுக் கஷ்டத்துக்காக வேலைக்கு வந்தவர்கள்தான். சம்பளம் கேட்டதால் அவர்கள் மோசமான நர்ஸ்களாகிவிடவில்லை.

இனி, காசு எங்கே இருக்கிறது.

நம் நாட்டிலேயே நல்ல சம்பளம் மத்திய அரசு வேலையில். எய்ம்ஸ், ஜிப்மர், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள், ரயில்வே எல்லாவற்றிலும் ஏழாவது சம்பளக் கமிஷன்படி நர்ஸின் அடிப்படைச் சம்பளம் 44,900இல் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நர்சிங் அலவன்ஸ் எல்லாம் சேர்த்தால் எண்பதாயிரத்தைத் தொடும். எய்ம்ஸுக்கு நார்செட் என்ற தேர்வு இருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவுடனே எழுதலாம், ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர்களுக்கு ஐம்பது படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். நம் பிள்ளைகள் இந்தத் தேர்வை எழுதுவது குறைவு. ராஜஸ்தானிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கோச்சிங் போய் வந்து எழுதுகிறார்கள். இந்தியில் கேட்பார்களோ, எங்கோ வடக்கே போஸ்டிங் போடுவார்களோ என்று நம் வீடுகளில் பயம். ஆங்கிலத்திலேயே எழுதலாம். போஸ்டிங் தூரமாகப் போகலாம்தான். ஆனால் சவுதிக்கு அனுப்பத் தயாராக இருக்கிற வீடு போபாலுக்கு அனுப்பத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை. இரண்டாம் வருஷத்திலிருந்தே தினம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள் என்று என் மாணவிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நீங்கள் நீட் எழுதியிருப்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது, ராணுவ நர்சிங். கல்யாணமாகாத பெண்களை நீட் மதிப்பெண்ணை வைத்து எடுத்து, ராணுவ மருத்துவமனைகளின் நர்சிங் கல்லூரிகளில் நான்கு வருஷம் இலவசமாகப் படிக்க வைப்பார்கள். முடித்ததும் லெப்டினன்ட் அந்தஸ்தில் அதிகாரி. குறிப்பிட்ட வருஷம் பணியாற்றுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இடங்களும் நாடு முழுக்கச் சில நூறுதான். ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். கடனே இல்லாமல் தொடங்குகிறவருக்கும் மூன்று லட்சம் கடனோடு தொடங்குகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே உள்ள சம்பளச் சீட்டில் பார்த்தீர்கள்.

தமிழக அரசு வேலையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். நிரந்தரமாகிவிட்டால் மிக நல்ல வேலை. சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் உண்டு; 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பே ஒரு வருஷம். அந்த நிரந்தரத்துக்குப் போகிற பாதைதான் கஷ்டம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லோரும் எம்.ஆர்.பி. என்று சொல்வது, 2015இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. எடுத்தது தொகுப்பூதியத்தில், மாதம் 7,700 ரூபாய்க்கு. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில், தனியாரில் அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரே வார்டில், ஒரே ஷிஃப்டில், ஒரே வேலையைச் செய்யும் நிரந்தர நர்ஸ் அதைப்போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்காது, அப்போது நீங்கள் சின்னப் பிள்ளை. பிறகு 14,000 ஆனது, 18,000 ஆனது. காலியிடம் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரம் செய்தார்கள். கொரோனா நேரத்தில் அவசரத்துக்கு எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தத்தை 2022 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டார்கள். ஊரே வீட்டுக்குள் இருந்தபோது கொரோனா வார்டுக்குப் போன பெண்கள் அவர்கள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. எனவே எம்.ஆர்.பி. தேர்வு எழுதுங்கள், ஆனால் வீட்டுக் கடனைத் தீர்க்கும் கணக்கை அதை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

அப்புறம் வெளிநாடு. எல்லோரும் சொல்லும் லட்சம் இங்கேதான் இருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குப் போக இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். அந்தந்த நாட்டு உரிமத்துக்கான தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. சவுதி அரசு ஆஸ்பத்திரியில் பி.எஸ்சி. நர்ஸுக்கு ஏறக்குறைய 4,000 ரியால் என்று தொடங்கும். வருமான வரி கிடையாது, தங்குமிடம் அவர்கள் தருவது. ஆகவே கையில் நிற்கிற காசு என்று பார்த்தால் வளைகுடா இன்னமும் நல்ல இடம். அங்கே ஜி.என்.எம். படித்தவரை டெக்னீஷியன் நிலையில் வைத்துவிடுவார்கள், அதனால் முடிந்தால் பி.எஸ்சி.யே படியுங்கள்.

பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையில் புதிய நர்ஸின் சம்பளம் 2025-26இல் வருஷத்துக்கு 31,049 பவுண்டு. ரூபாயில் பெருக்கினால் முப்பத்தைந்து லட்சத்துக்குப் பக்கம். ஊரில் சொல்பவர்கள் பெருக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். வரி, தேசியக் காப்பீடு, பென்ஷன் பிடித்தம் போக மாதம் ஏறக்குறைய 2,000 பவுண்டு கைக்கு வரும். அதில் வீட்டு வாடகை, கரன்ட், குளிருக்கு ஹீட்டர், பஸ் எல்லாம் பவுண்டில்தான். தனியாக இருந்தால் மிச்சம் பிடிக்கலாம். குடும்பத்தோடு இருந்தால் இரண்டு பேரும் சம்பாதிக்க வேண்டியிருக்கும். அந்த நாட்டு நர்ஸ்களுக்கே அந்தச் சம்பளம் போதவில்லை. 2022 டிசம்பரில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இங்கிலாந்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது சம்பளத்துக்காகத்தான். இன்னொன்று, கொரோனாவுக்குப் பின் அள்ளி அள்ளி எடுத்ததுபோல இப்போது எடுப்பதில்லை. 2024க்குப் பிறகு வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் படித்து, இரண்டு வருஷ அனுபவமும் சேர்க்க ஆறு வருஷம் ஆகும். அப்போது எந்த நாட்டின் கதவு திறந்திருக்கும் என்பதை இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று வருகிற ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

ஜெர்மனிக்கு இப்போது தேவை அதிகம். முதியோர் பராமரிப்புத் துறையில் தகுதி பெற்ற நர்ஸுக்கு 2025 ஜூலையிலிருந்து மணிக்கு 20.50 யூரோவுக்குக் குறைவாகத் தரக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் ஜெர்மன் மொழியை பி2 நிலை வரை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் அளவுக்கு, படிக்க வேண்டும். ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கிற வேலை அது. அங்கே போனபின் படிப்பை அங்கீகரிக்கும் வரை உதவியாளர் சம்பளம்தான் கிடைக்கும். அமெரிக்காவில் சம்பளம் இதையெல்லாம்விட மேல். ஆனால் இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பத்து வருஷத்துக்கு மேல் நீள்கிறது. கணக்கில் எடுக்காதீர்கள்.

காசுக்காகப் போகிறவர்களைக் காசாலேயே கவிழ்க்கிற இடம் ஒன்று உண்டு. அது ஏஜென்ட் கட்டணம். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது இந்திய விதி. 2015இல் குவைத் அரசுக்கு நர்ஸ்களைச் சேர்த்த ஒரு கேரள நிறுவனம், 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதே வருஷம்தான் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் மாநிலத்துக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது. அதன் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பிரிட்டனுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் நர்ஸிடம் ஒரு பைசாகூட வாங்கக்கூடாது என்று அந்த நாட்டு அரசின் நெறிமுறையே சொல்கிறது. நர்ஸ் விசா வேறு, பராமரிப்பு உதவியாளர் வேலைக்கான கேர் விசா வேறு. நர்ஸ் வேலை என்று சொல்லி பத்து, பதினைந்து லட்சம் வாங்கிக்கொண்டு கேர் விசாவில் அனுப்பி, அங்கே போனபின் வேலையே இல்லாமல் தவித்தவர்கள் நிறையப் பேர். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழியையே பிரிட்டன் மூடிவிட்டது.

கடன் என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரம் சண்டைக்குள் சிக்கியபோது 46 இந்திய நர்ஸ்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் தூத்துக்குடிக்காரர், மற்றவர்கள் மலையாளிகள். வெளியே குண்டு வெடிக்கிறது. இருந்தும் ஊருக்குத் திரும்பச் சிலர் தயங்கினார்கள். பல மாதச் சம்பளம் பாக்கி, போவதற்கு வாங்கிய கடனும் அடையவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கவலை. நல்லவேளையாக ஜூலை மாதம் எல்லோரும் பத்திரமாகக் கொச்சி வந்து சேர்ந்தார்கள். வட்டிக்கு வாங்கி வெளிநாடு போகாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, காசுக்காக வந்தவர் நல்ல நர்ஸாக இருப்பாரா? உங்கள் டீச்சரின் மனதில் இருக்கிற கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். நான் பார்த்தவரை, ஆசையோடு வந்தவர்களுக்கும் காசுக்காக வந்தவர்களுக்கும் வேலையில் வித்தியாசம் தெரிவதில்லை. சொல்லப்போனால், வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டும் என்று வந்தவர்கள் பொறுப்பாக நிலைத்து நிற்கிறார்கள். சின்ன வயதில் வெள்ளை உடையைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்களில் சிலர் முதல் வருஷ வார்டு போஸ்டிங்கிலேயே கலங்கிப்போய்விடுகிறார்கள்.

நர்ஸின் வேலை எதனால் நன்றாக இருக்கிறது, எதனால் கெடுகிறது என்பதை ஐ.சி.யு.வில் நைட் டியூட்டி பார்த்தால் தெரியும். அதிகாலை மூன்று மணி. ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின், சிரிஞ்ச் பம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. தீருவதற்கு முன்னாலேயே அடுத்த சிரிஞ்சை ஏற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும். மாற்றுவதில் ஒரு நிமிஷம் தாமதித்தால் மானிட்டரில் அழுத்தம் சரசரவென்று இறங்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கிறது, டிரிப்பில் கலந்து போடச் சொல்லியிருக்கிறார்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும், மருந்து கலக்கப் பயன்படுத்தும் வெறும் தண்ணீர் ஆம்பியூலும் அளவிலும் தோற்றத்திலும் ஒன்று போல இருக்கும். கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் இந்த மருந்தை எடுக்கும்போது இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து, பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது முறை. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கில் ஆள் இருந்தால் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். மூன்று வென்டிலேட்டருக்கு ஒருத்தி, அவளும் சம்பளம் பத்தாமல் பகலில் டியூட்டி பார்த்துவிட்டு டபுள் டியூட்டிக்கு நிற்கிறவள் என்றால், யாரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பாள்? நோயாளிக்கு ஆபத்து நர்ஸ் காசை நினைப்பதால் வருவதில்லை. அவளுக்குக் காசு கொடுக்காததாலும், கூட ஆள் போடாததாலும்தான் வருகிறது.

ஆகவே, சேவை மனப்பான்மை இருக்கிறதா என்று உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாம். வேறு சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்து காலை ஏழு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் ஹேண்டோவர் கொடுக்கும்போது தப்பில்லாமல் எழுத முடியுமா? மலம், சீழ், வாந்தி இவற்றைத் தொட முடியுமா? முதல் சில வாரம் எல்லோருக்கும் குமட்டும், பிறகு பழகிவிடும். பழகவே பழகாத சிலரும் உண்டு. நோயாளியின் சொந்தக்காரர் கத்தும்போது திருப்பிக் கத்தாமல் இருக்க முடியுமா? இடுப்பு வலியும் கால் வலியும் இந்த வேலையில் வரும். ஏற்கெனவே உங்களுக்கு முதுகுப் பிரச்சினை இருந்தால் யோசியுங்கள். எவ்வளவு சம்பளம் வந்தாலும், தொடுவதற்கே அருவருப்பு போகாதவர் இதில் நாற்பது வயது வரை தாக்குப்பிடிக்க மாட்டார். கணக்கு பார்த்து வந்தவர்கூட அப்போது வேறு வேலைக்குப் போய்விடுவதே அவருக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது: வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் இரண்டு ராத்திரி நீங்கள் துணைக்கு இருந்து பாருங்கள்.

இதெல்லாம் சரி என்று தோன்றினால், கல்லூரி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை +2 மார்க்கை வைத்துத்தான். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சலிங்குக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் எவ்வளவு தூரமாக இருந்தாலும் போங்கள், கடன் இல்லாமல் முடியும். தனியார் என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கென்று நூறு படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, யாரிடமும் சொல்லாமல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். படுக்கை காலியாகக் கிடந்தால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ‘ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு வைத்திருக்கிற நிறுவனங்களுக்குள் போகவே போகாதீர்கள். அங்கே தருகிற சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் மேலே சொன்ன எந்த வழியும் திறக்காது.

படித்து முடித்து முதல் வேலைக்குப் போகும்போது, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் விலகமாட்டேன் என்று பாண்டு எழுதச் சொல்கிற ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பாண்டு முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது, இன்னும் நடக்கிறது. அசலைக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், அசலைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். நார்செட்டுக்கும் சரி, வெளிநாட்டுச் சரிபார்ப்புக்கும் சரி, அந்தக் காகிதங்கள் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். முதல் இரண்டு வருஷத்துக்குச் சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, ஐ.சி.யு., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வெளியே மதிப்புள்ள பிரிவில் போடுகிற பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேருங்கள். சேரும் நாளில் பணி நியமன ஆணையில் சம்பளமும் பிரிவும் எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.